ஆம்பளை தங்காத வீடு

எழுத உட்கார்ந்தால் எனக்கு வரி நேராக வருவதில்லை. வயசு மட்டும் காரணம் இல்லை. நான் மோகனூரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், என் வீட்டுக்காரர் எழுதுகிற கடிதத்தின் அடியில் "இங்கு அனைவரும் நலம்" என்ற ஒரு வரியும்தான். பிழை இருக்கும். முன்னே வரவேண்டியது பின்னே வரும். சில பெயர்கள் மறந்துவிட்டன, சில வருஷங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் கேட்டால் இதில் கால்வாசிகூடச் சொல்லமாட்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. காகிதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

1

இங்கே மூன்று நாளாக மழை. இங்கே என்பது கனடாவில், டொராண்டோவுக்கு வெளியே, என் மகன் செந்தில் வாங்கிய வீடு. வீட்டுக்கு அடியில் பாதி மண்ணுக்குள் இறங்கிய மாதிரி ஓர் அறை உண்டு. பேஸ்மெண்ட் என்கிறார்கள். அதில்தான் என் கட்டில். ஜன்னல் தலைக்கு மேலே இருக்கும். அதன் வழியாகப் புல்லின் அடியும் நடந்து போகிறவர்களின் கணுக்காலும் தெரியும்.

காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, கட்டிலுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது. இன்றைக்கும் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. பனி உருகி ஓடியபோதும் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

பேத்தி பையை எடுக்க இறங்கி வந்தவள் நான் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். "ஒண்ணுமில்ல சாமி" என்றேன். அவளுக்கு அதுவும் சரியாகப் புரியாது. நான் எதற்கு அவளைச் சாமி என்கிறேன் என்று ஒருநாள் அவள் அப்பனிடம் புகார் சொன்னாள். ஊடு என்றால் என்ன என்று அரைகுறைத் தமிழில் கேட்பாள். வீடு என்று சொன்னால், அதையே முதலில் சொல்லக்கூடாதா என்று முகத்தைச் சுளிப்பாள்.

சுவரை ஏன் தொடுகிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சேலத்திலிருந்து ஆரம்பித்தால்தான் சொல்ல முடியும்.

2

என் வீட்டுக்காரருடைய குடும்பம் மோகனூர்ப் பக்கம் கரும்பு போட்ட குடும்பம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது இவருக்குக் கிணறில்லாத மேட்டுக்காடு வந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்று சேலத்துக்கு வந்து ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். எழுபதுகளின் கடைசியாக இருக்கும்.

நாலு வருஷத்தில் மூன்று வீடு காலி செய்தோம். ஒரு வீட்டில் அவர்கள் பையனுக்குக் கல்யாணம், இடம் வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் நாங்கள் தண்ணீர் அதிகம் செலவழிக்கிறோம் என்றார்கள். ஒரு வீட்டில் காரணமே சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அண்டா குண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவே பார்க்கப் பின்னால் நடந்து போகவேண்டும். என் அடுப்புக் கரியை ஊரே பார்க்கிற மாதிரி எனக்குக் கூசும். தலையைத் தூக்காமல் நடப்பேன்.

நாலாவதாக வந்ததுதான் அம்மாப்பேட்டை வீடு. இரண்டு பக்கமும் தறிச் சத்தம். ஓட்டு வீடு. முன்கட்டில் வீட்டுச் சொந்தக்காரர்கள், பின்கட்டில் நாங்கள், நடுவில் கிணறு. வீட்டுக்காரம்மா மேரி டீச்சர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் சவரிமுத்து ஐயா ரயில்வேயில் இருந்தவர். வேதக்காரர்கள். தலைவாசலுக்கு மேலே ஒரு மாடம் வைத்து அதில் மாதா சொரூபம் வைத்திருந்தார்கள். வாடகை கேட்க டீச்சர் பின்கட்டுக்கு வந்ததே இல்லை. நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறபோது வாங்கிக்கொள்வார். நான் பேசாதவள் என்று தெரிந்து அவரும் அதிகம் பேச்சுக் கொடுக்கமாட்டார். அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஐயா சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்தபடியே போய்ச் சேர்ந்தார். நோய் நொடி இல்லை. வயசானவர், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

டீச்சருக்கு ஒரே மகள், கோயமுத்தூரில். வீட்டை விற்றுவிட்டு மகள் தெருவிலேயே சின்னதாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார். மகள் வீட்டிலேயே இருக்கலாமே என்று நான் கேட்டுவிட்டேன். எப்போதாவதுதான் அப்படிக் கேட்பேன்.

"மருமகன் வீட்டுல ஒரு ஜன்னலத் திறக்கணும்னாலும் கேட்டுத்தான் திறக்கணும் ராசம்மா. எனக்கு ஒரே ஒரு ரூம் போதும். ஆனா அதோட சாவி என் இடுப்புல இருக்கணும்" என்றார்.

3

அது வீடு விற்கிற காலமே இல்லை. மழை பொய்த்துவிட்டது. நூல் விலை ஏறிப் பாதித் தறிகள் நின்றுவிட்டன. இருக்கிற வீட்டை வைத்துக்கொள்வதே பாடு என்று இருந்தபோது யார் வீடு வாங்குவார்கள்? வாராவாரம் வந்துகொண்டிருந்த தரகர் மாதம் ஒரு தடவை என்று ஆனார்.

எங்கள் பக்கம் வீடு வாங்குகிறபோது ஒரு வழக்கம் உண்டு. ஆம்பளைகள் முன்கட்டில் உட்கார்ந்து பத்திரத்தைப் புரட்டுவார்கள். பொம்பளைகள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். பார்த்து முடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கட்டுக்கு வந்து குடியிருக்கிறவளைக் கேட்பார்கள். வீட்டுக்காரி நல்லதைத்தானே சொல்வாள். எங்கே ஒழுகும், எந்த மாசம் கிணறு வற்றும் என்பது குடியிருக்கிறவளுக்குத்தான் தெரியும்.

முதலில் வந்தது கடைவீதியில் நூல் கடை வைத்திருந்தவர் வீட்டம்மா. நான் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். பின்கட்டை இடித்துவிட்டுக் குடோன் கட்டப்போகிறோம் என்று, நான் அங்கே குடியிருக்கிறவள் என்ற நினைப்பே இல்லாமல் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, வீடு எப்படி?" என்று கேட்டார்.

எனக்குத் தள்ளுவண்டி கண் முன்னால் வந்தது. தெருவில் நிற்கிற முகங்கள் எல்லாம் வந்தன. ஒழுகுகிறது என்று சொல்லியிருக்கலாம். ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் பொய் என்று தெரிந்துவிடும். தூக்கிப் பார்க்க முடியாத ஒன்றைச் சொன்னேன்.

"நல்ல ஊடுதானுங்க. ஆம்பளைங்கதான் தங்க மாட்டேங்கறாங்க."

இவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மா மாதா மாடத்தையும் ஐயாவின் காலி நாற்காலியையும் ஒருமுறை பார்த்தார். செம்பைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மறுபடி அவர்கள் வரவில்லை.

அடுத்து வந்தது அயோத்தியாப்பட்டணத்து அரிசி ஆலைக்காரர். அவருடைய தாயார் பின்கட்டுக்கு வந்தார். நானும் அதையே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேளை சொன்னே தாயி. பேசாத பொண்ணு நீ. உனக்குப் பொய் வராது."

அதற்கு மேல் நான் சொல்லவேண்டி வரவில்லை. குழாயடியில் அது தானாகவே நடந்துகொண்டிருந்தது. தரகர் வருவது நின்றது.

ஒருநாள் டீச்சர் கிணற்றடிக்கு வந்து என்னிடம் கேட்டார். "வர்றவங்க எல்லாம் பின்னால வந்து தண்ணி குடிச்சுட்டுத்தானே போறாங்க ராசம்மா. ஏதாவது குறை சொல்றாங்களா? தெரிஞ்சா சரி பண்ணிடுவேன்."

"ஒண்ணும் சொல்லலீங்க டீச்சர்" என்றேன்.

என்ன குறை என்று தெரியாததால் அவர் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு நின்று ஆளை ஏவி அடித்தார். எங்கள் பின்கட்டுக்கும் சேர்த்து அடித்தார்.

4

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. டீச்சருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. கேட்ட விலையில் பாதி வந்தாலும் போதும் என்று இறங்கிவிட்டார். அது என் வீட்டுக்காரர் காதுக்கு வந்தது.

"ஏம்புள்ளே, குடியிருக்கற ஊட்டையே வாங்கிப் போட்டா என்னங்கறே? மேட்டுக்காட்டக் குடுத்துட்டாக் கட்டிப்போடலாம்" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. என் பேரிலேயே வாங்கப்போவதாகவும் சொன்னார். மூன்று வீட்டுச் சாமானைச் சுமந்தவள் நான்தானாம்.

வாங்கவேண்டும் என்று நினைத்து நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. காலி செய்யாமல் இருந்தால் போதும் என்றுதான் சொன்னேன். இதை நீங்கள் நம்பவேண்டும். நம்பாவிட்டாலும் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வேண்டாங்க என்று அப்போது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

பத்திர ஆபீசில் காலையிலிருந்து நின்றோம். ஒரு ஜன்னலில் சீல் இல்லை, மறு ஜன்னலில் ஆள் இல்லை, சாட்சிக்கு வந்தவர் டீக் குடிக்கப் போனவர் வரவில்லை. கடைசியில் பத்திரம் எழுதுகிறவர் உரக்கப் படித்தார். மேற்படிச் சொத்தில் எந்தவிதமான வில்லங்கமும் இல்லை என்ற இடம் வந்தது. டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினார். நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று போட்டேன்.

டீச்சர் மாதாவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினார். ஏறுவதற்கு முன் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, மழைக்காலத்தில் தலைவாசல் பூட்டு இறுகும், கொஞ்சம் எண்ணெய் விடு என்று சொன்னார். காலியான மாடத்தில் நாங்கள் பிள்ளையாரை வைத்துப் பால் காய்ச்சினோம்.

நாங்கள் கொடுத்த பணத்துக்குக் கோயமுத்தூரில் வீடு கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டுக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வரிசையாகக் கட்டில்கள் போட்டிருப்பார்களாம். அங்கே யாருக்கும் சாவி கிடையாதாம்.

5

என் வீட்டுக்காரர் அதை முதலில் டீக்கடையில்தான் கேட்டார். வீடு வாங்கிய பெருமையில் சொல்லியிருக்கிறார். அந்த ஊடா, ஆம்பளை தங்காதும்பாங்களே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். "நானு ஆம்பளையான்னே அவனுக்குச் சந்தேகமாட்டிருக்குது" என்றார். நானும் சிரித்தேன்.

அந்த ஐப்பசியில் பட்டறையில் ஜாக்கி நழுவி அவர் கட்டைவிரல் நசுங்கியது. தை மாசம் மஞ்சள்காமாலை வந்து படுத்தார். பட்டறையில் வேலை செய்கிற எல்லாருக்கும் விரல் நசுங்கும். அந்த வருஷம் தெருவில் பாதிப் பேருக்குக் காமாலை. ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சுவரையும் கூரையையும் பார்த்துவிட்டுத்தான் அவரைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் சம்சாரம் என்னைத் தனியே கூப்பிட்டு, எதற்கும் அவரை வெளியில் படுக்கச் சொல் என்றாள். என் வார்த்தையை எனக்கே திருப்பிச் சொன்னாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை.

உடம்பு தேறியதும் அவர் பட்டறையிலேயே படுக்க ஆரம்பித்தார். "சாப்பிட மட்டும் வாரேன் புள்ளே, கொஞ்ச நாளைக்கு" என்றார். வீட்டுக்குள் வந்தால் உட்காரமாட்டார். நின்றுகொண்டே சாப்பிடுவார். அந்த ஓட்டுக்காகத்தான் காட்டை விற்றார். அதன் அடியில் ஒரு வருஷம்கூட நிம்மதியாகப் படுக்கவில்லை.

அப்போது திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர்க்கிணறு தோண்ட வடக்கே போய்க்கொண்டிருந்தன. மெக்கானிக் வேண்டும் என்று கேட்டார்கள். பத்து மாசம் அங்கே, இரண்டு மாசம் இங்கே. சரி என்றுவிட்டார்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் தகரப்பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"வாங்கறதுக்கு முன்னாலயே இந்தப் பேச்சு உனக்குத் தெரியுமா?"

ஒரு வாக்கியம் போதும். அது பொய்யுங்க, நான்தான் சொன்னேன், ஊட்டுல ஒரு கோளாறும் இல்லீங்க என்று சொன்னால் போதும். அடித்திருப்பார். நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார். ஆனால் பெட்டியைத் திறந்து துணியை மறுபடி கொடியில் போட்டிருப்பார். எனக்கு நன்றாகத் தெரியும்.

"எனக்கொண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

"அதானே, நீ எந்தக் கொழாயடிக்குப் போய் நிக்கறவ" என்றார். அந்தக் குரலில் எவ்வளவு ஆதரவு இருந்தது என்று எழுத முடியாது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பொங்கலுக்கு வந்தார். மூன்றாவது பொங்கலுக்கு முன்னால் வடக்கே ஏதோ ஓர் ஊரில் காய்ச்சலில் போய்விட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னார்கள், அப்போதே எனக்கு வாயில் நுழையவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள். தகரப்பெட்டி மட்டும் வந்தது. துக்கத்துக்கு வந்த பொம்பளைகள், ஊடு காட்டிடுச்சு பாத்தியா என்றார்கள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் வெட்கம். நானே நம்பத் தொடங்கினேன். நான் கட்டிய பொய் என்று தெரியும், தெரிந்தும் பயந்தேன். சின்னப் பையனாக இருந்த செந்தில் கொஞ்சம் இருமினால் பிள்ளையார் மாடத்தைப் பார்ப்பேன். உள்ளூரிலேயே நல்ல பள்ளிக்கூடம் இருக்க, அவனை ஈரோட்டில் விடுதியில் சேர்த்தேன். விடுமுறைக்கு வந்தால் மோகனூருக்கு அனுப்பிவிடுவேன். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவன் நினைத்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறான் என்று தோன்றுகிறது. படித்தான், வேலை கிடைத்தது, கடல் தாண்டினான். எல்லாரும் அவன் கெட்டிக்காரத்தனம் என்றார்கள். நான்தான் துரத்தினேன்.

கடைசியில் என்னை இங்கே கூட்டி வருகிறபோது அந்த வீட்டை யாரும் குடியிருக்க வாங்கவில்லை. பக்கத்துத் தறிக்காரர், தறிச் சாமான் போட்டு வைக்க என்று அவர் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டார்.

6

இப்போது சுவருக்கு வருகிறேன்.

செந்தில் ரொம்ப நாள் வாடகைக்கு இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வீடு வாங்க இதுதான் சமயம் என்றான். "மார்க்கெட்டு படுத்துக் கெடக்குதும்மா. இந்த ஊட்டுக்கு ஏழு மாசமா விக்கற போர்டு தொங்குது. ஊட்டுக்காரக் கெழவரு வித்தாப் போதும்னு இருக்காரு" என்றான். என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பேஸ்மெண்டில் ஒரு தமிழ்ப் பொம்பளை குடியிருந்தாள், யாழ்ப்பாணத்துப் பக்கம். கையில் சின்னப் பெண் குழந்தை. "கீழ போய் நீ பேசிப் பாரும்மா, உங்கிட்டன்னா சொல்லுவாங்க" என்றான்.

நான் படி இறங்கிப் போனேன். தண்ணீர் வேண்டுமா என்று அவளே கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளாகவே சொன்னாள்.

"மழை பெய்தா உந்தச் சுவரால தண்ணி வரும் அம்மா. எல்லாம் ஊறிப்போகும். வாங்கிறதெண்டா யோசிச்சு வாங்குங்கோ."

சொல்லும்போது அவள் சுவரைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அதன் ஓரத்தில், வெறுந்தரையில் அரிசி மூட்டை சாய்த்து வைத்திருந்தது. தண்ணீர் வருகிற இடத்தில் எந்தப் பொம்பளையும் அரிசி வைக்கமாட்டாள்.

நான் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு மேலே வந்தேன். "தண்ணி எறங்குமாம் சாமி. இந்த ஊடு வேண்டாம்" என்று மகனிடம் சொன்னேன். ஒருத்தியையாவது காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கியது.

அதற்கப்புறம் மகன் ஓர் ஆளைக் கூட்டி வந்து, சுவரில் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். ஈரமே இல்லை என்று அந்த ஆள் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் வண்டியில் வரும்போது செந்தில் சிரித்துக்கொண்டே சொன்னான். "அது பொய்யும்மா. ஆனா அந்தப் பொய் நல்லாத்தான் ஒதவுச்சு. குடியிருக்கறவங்களே தண்ணி வருதுங்கறாங்கன்னு ஏஜெண்டு மூலமா ஒரு வார்த்தை போட்டேன். கெழவரு எறங்கி வந்துட்டாரு."

அவன் அப்பனுக்கு இருந்த அதே சந்தோஷம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சேலத்தில் நான் சொன்ன பொய்யை இன்று வரைக்கும் அவனிடம் சொல்லவில்லை.

கீழே குடியிருந்தவளுக்கு இரண்டு மாசம் தவணை கொடுத்தார்கள். காலி செய்கிற அன்றைக்கு நான் வாசலில் நின்றேன். செந்தில் நல்லவன், அவளுடைய அரிசி மூட்டையைத் தூக்கி வேனில் வைத்தான். அவள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். நான் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். எனக்கும் பொய் என்று தெரியும், உனக்காகத்தான் அதை எடுத்துக்கொண்டு போனேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வேன் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவள் இருந்த அறையில்தான் நான் படுத்திருக்கிறேன். ஒரு தடவையாவது இந்தச் சுவரில் தண்ணீர் வந்துவிட்டால் அவள் சொன்னது பொய்யில்லை என்று ஆகும். அதற்காகத்தான் தினமும் தொட்டுப் பார்க்கிறேன்.

7

அம்மாப்பேட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி செய்யவேண்டும். நான் எழுதியதில் வருஷங்கள் தப்பாக இருக்கலாம். சுண்ணாம்பு அடித்தது முதல் வருஷமா இரண்டாவது வருஷமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பார்த்துச் சொல்லுங்கள். டீச்சர் போன மாதா கோயிலில் இறந்தவர்களுக்கு ஒரு பதிவேடு இருக்கும். அதில் சவரிமுத்து ஐயாவின் வயசு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். எழுபத்திரண்டு என்று எனக்கு நினைவு. கல்யாணம் ஆன வருஷமே அந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தோம் என்று டீச்சர் சொல்வார். அப்படியானால் அவர் அந்த வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார். அது சரிதானா என்று பாருங்கள். சரியாக இருந்தால், அந்தக் குழாயடி இன்னும் இருந்தால், அங்கே தண்ணீர் பிடிக்க வருகிற யாராவது ஒருத்தியிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.